இல்லாத அரசியின் மேல் ஒரு புகார்

மேற்கே, இறந்தோரை ஆளும் ஒசிரிஸின் நிழலில் குடியிருக்கும் என் மனைவி தாமித்துக்கு, கிழக்கே இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் உன் கணவன், ஆமூன் கோயில் எழுத்தன் ஹூய் எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அங்கே நீயும் உன் தாய் தகப்பனாரும் முறைப்படி இறந்தே இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். ரொட்டியும் பீரும் வேளைக்கு வந்து சேர்கின்றனவா? போன திருவிழாவுக்கு வைத்த வாத்து சற்று முற்றல். கடைக்காரன் இளசு என்று சத்தியம் செய்தான். அவனும் ஒருநாள் அங்கே வருவான். அப்போது நேரிலேயே கேட்டுக்கொள்.

இந்தக் கடிதத்தைக் கிண்ணத்தில் எழுதுவதற்காகக் கோபப்படாதே. நல்ல சுருளில், இரண்டு நிற மையில்தான் தொடங்கினேன். உன் தங்கை நூபு வந்து எட்டிப் பார்த்தாள். "அத்தான், சுருள்ல எழுதினா அக்கா எங்க பிரிச்சுப் பார்க்கப் போறா? இங்க இருந்தப்பவே நீங்க சொன்னதை அவ காதுல போட்டுக்கிட்டதில்ல. கிண்ணத்துல எழுதி அதுலயே குழம்பை ஊத்தி வைங்க. சாப்பிடறப்பவாவது கண்ணுல படும்" என்றாள். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். தாமித், உனக்குப் படிக்கத் தெரியாதே என்று அவளிடம் கேட்டேன். "செத்தவங்களுக்கு எல்லாம் தெரியும். உயிரோட இருக்கறவங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியாது" என்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஆகவே அவள் எடுத்துக் கொடுத்த என் சாப்பாட்டுக் கிண்ணத்தில், விளிம்பில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி உள்ளே வருகிறேன். முக்கியமான விஷயம் அடியில்தான் வரும். அதன்மேல் பருப்புக் குழம்பு நிற்கும். நீ முழுவதையும் சாப்பிட்டுவிட்டே தீர்ப்புச் சொல்ல முடியும். வழக்கு நடத்த இதைவிட நல்ல முறை அரசாங்கத்திலும் இல்லை.

விஷயம் இதுதான். நம் நாட்டை ஆண்ட அந்த அம்மாளை நீ மறந்திருக்க மாட்டாய். தினமும் காலையில் அவருடைய தாடையைப் பிடித்துத் தாடி கட்டியவள் நீ. பாரோ என்றால் தாடி வேண்டும், இல்லாதவர் கட்டிக்கொள்ள வேண்டும், இருப்பவரும் மழித்துவிட்டுக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது முறை. ஆண்கள் கட்டியபோது யாரும் சிரித்ததில்லை. அவர் மறைந்து இருபது வருடம் ஆகிறது. அவருடைய சொந்த மகனாக அல்லாமல், கணவருக்கு இன்னொருத்தி பெற்ற மகனாகிய நம் இன்றைய மன்னர், வடக்கே இருந்த ஊர்களை எல்லாம் வென்று, தெற்கே ஒரு காண்டாமிருகத்தையும் வென்று, வெல்ல வேறு எதுவும் மிச்சமில்லாத ஒரு நாளில், தமக்கு முன்னால் சித்தி என்று யாரும் ஆளவில்லை என்பதை நினைவுகூர்ந்தார். நீ இங்கிருந்து போன பிறகுதான் இது நடந்தது. உடனே அதற்கு ஓர் அலுவலகம் திறந்தார்கள். சுவர், தூண், சிலை எங்கும் அந்த அம்மாளின் பெயரையும் உருவத்தையும் நீக்குவது எங்கள் வேலை. தலைவர் மின்நக்த், மேற்பார்வை எழுத்தன் நான். பதவி உயர்வு என்றுதான் சொன்னார்கள். அவருடைய பெயரை நாங்கள் வாயால் சொல்லக் கூடாது. பெயரைச் சொல்லாவிட்டால் எந்தப் பெயரைச் செதுக்கி எடுப்பது என்று உளிக்காரர்களுக்கு விளங்கவில்லை. எனவே 'இல்லாதவர்' என்று ஒரு சொல்லை வழக்கத்தில் கொண்டுவந்தோம். "கிழக்குச் சுவரில் இல்லாதவர் எத்தனை இடத்தில் இருக்கிறார்?" என்பது எங்கள் அலுவலகத்தில் மிகச் சாதாரணமான கேள்வி.

முதலில் மலையடிவாரத்தில் இருக்கும் அவருடைய கோயிலுக்குப் போனோம். பூந்த் நாட்டுக்குக் கப்பல் அனுப்பி நறும்பிசின் மரங்களை வேரோடு கூடையில் வைத்துக் கொண்டுவந்தாரே, அந்தச் சுவர். என்னிடம் இருந்தவர்களிலேயே நல்ல உளிக்காரன் கென்னா. அவனிடம் கொடுத்தேன், அதுதான் பிழை. மோசமான ஒருவனிடம் கொடுத்திருந்தால் சுவரே சிதைந்து காரியம் முடிந்திருக்கும். கென்னா வாயில் பாட்டோடு, உருவத்தின் விளிம்பு பிசகாமல், மூக்கு, முழங்கை, தாடி, கையில் பிடித்த கோல் என்று அத்தனையையும் அளவாகக் குழித்து எடுத்தான். தள்ளி நின்று பார்த்தால் அந்த அம்மாள் முன்னைவிடத் தெளிவாக நிற்கிறார்.

"கென்னா, ஆளு அப்படியே தெரியுறாங்களேப்பா!"

"எங்கய்யா தெரியுறாங்க? கிட்ட வந்து கையை விட்டுப் பாருங்க. உள்ள ஒண்ணுமே இல்ல."

"ஒண்ணுமில்லாததுக்கு மூக்கு இருக்கே?"

"மூக்கு அவங்களோடது. அதை மாத்தச் சொல்லி ஆணையில இல்லையே. இருக்கிற இடத்தை எடுக்கச் சொன்னீங்க, எடுத்துட்டேன். ஓரம் எப்படி வந்திருக்கு பாத்தீங்களா? என் அப்பன்கூட இப்படி வெட்டினதில்ல."

அதுவரை அந்தச் சுவரை யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. ஊரில் சுவர்களுக்கா பஞ்சம்? இப்போது படகில் ஆள் வந்து இறங்குகிறது. குழந்தைகள் குழியைக் காட்டி "இது யாரு?" என்று கேட்கின்றன. பெரியவர்கள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு முழுக் கதையையும் சொல்கிறார்கள். மறந்துபோனவர்களுக்கெல்லாம் நினைவூட்ட ஓர் அலுவலகம் திறந்து, அதில் நான் மேற்பார்வை செய்துகொண்டிருக்கிறேன்.

வெறும் குழி நன்றாக இல்லை என்று, பெயர் இருந்த இடத்தில் அவருடைய கணவரின் பெயரை வெட்டச் சொன்னார் மின்நக்த். வெட்டினோம். அதனால் இன்றைக்கு அந்தச் சுவரில், இறந்து பல வருடம் ஆன மன்னர் ஒருவர் பூந்த் நாட்டுக்குக் கப்பல் அனுப்புகிறார், மரம் வந்து சேர்ந்ததும் எண்ணிப் பார்க்கிறார், மகிழ்கிறார். உயிரோடு இருந்தபோது அவர் இவ்வளவு சுறுசுறுப்பாக இருந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆமூன் கோயிலில் அந்த அம்மாள் நிறுத்திய இரண்டு ஒற்றைக்கல் தூண்களுக்கு வருவோம். சாய்த்தால் கோயில் போய்விடும். அதனால் சுற்றிலும் சுவர் எழுப்பி மறைத்துவிடலாம் என்று முடிவாயிற்று. கல் தீரும்வரை எழுப்பினோம். தூண்களின் தலை வெளியே நிற்கிறது, பொன்தகடு வெயிலில் மின்னுகிறது, நதியின் அக்கரையிலிருந்தும் தெரிகிறது. மறைந்திருப்பது அடிப்பாகம் மட்டும். படகில் போகும்போது நூபு அதைப் பார்த்துவிட்டு, "ஏன் அத்தான், இப்படி மூடி வெச்சா காத்து படாது, மணல் படாது, ஒரு எழுத்துகூடத் தேயாதே. நீங்க அழிக்கிறீங்களா, பாடம் பண்ணி வைக்கிறீங்களா?" என்றாள். படகில் இருந்தவர்கள் எல்லோரும் தண்ணீரைப் பார்த்தார்கள். எனக்கும் தண்ணீரில் பார்க்க நிறைய இருந்தது.

இவ்வளவும் அலுவலக விஷயம். உனக்கு எழுத வேண்டியதில்லை. வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்ச நாளாக இங்கே எதுவும் நேராக நடப்பதில்லை. பீர் வடிகட்டுவதற்கு முன்பே புளித்துப்போகிறது. ரொட்டி அடுப்பில் உப்பாமல், அடுப்பிலிருந்து எடுத்த பிறகு உப்புகிறது. கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது. மருத்துவர் தேன் தடவச் சொன்னார், தடவினேன், எறும்பு வந்தது. வீட்டுக் கழுதை அந்த அம்மாளின் கோயில் திசையில் மட்டும் தானாக நடக்கிறது, மற்றத் திசைகளுக்குத் தள்ள வேண்டியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடினால் அவரே வந்துவிடுகிறார். திட்டுவதில்லை, சாபம் கொடுப்பதில்லை. அப்படி ஏதாவது செய்தால் பதில் சொல்லிக்கொள்ளலாம். பாயின் ஓரத்தில் வந்து நிற்கிறார், முகத்தை மேலே தூக்கித் தாடையை நீட்டுகிறார், கண்ணை மூடிக்கொள்கிறார். தாடை வெறுமையாக இருக்கிறது. "தாமித் எங்கே?" என்று கேட்கிறார். அவ்வளவுதான். நீ வீட்டில் சொல்லியிருக்கிறாய், எனக்கு நினைவிருக்கிறது: வடக்கும் தெற்குமான இரண்டு தேசத்தையும் ஆளுகிற அந்த அம்மாள், நாள் முழுவதிலும் அசையாமல் நின்றது நீ தாடி கட்டும் அந்தக் கொஞ்ச நேரம் மட்டும்தான் என்று. என் கனவிலும் அப்படியே நிற்கிறார். எனக்குத் தாடி கட்டத் தெரியாது. நான் விழித்துக்கொள்கிறேன்.

பொறுத்துப் பார்த்துவிட்டு மின்நக்திடம் போய்ப் புகார் கொடுத்தேன்.

"யாரு தொந்தரவு பண்றாங்கன்னு சொன்னீங்க?"

"அவங்கதாங்க. இல்லாதவங்க."

"இல்லாதவங்க எப்படி ஐயா தொந்தரவு பண்ணுவாங்க?"

"அதைத்தாங்க நானும் கேக்குறேன்."

"இங்க பாருங்க ஹூய். ஒருத்தர் பேரு உலகத்துல எங்கயுமே இல்லேன்னா, அவங்களும் எங்கயுமே இல்ல. இதை நம்பித்தானே சம்பளத் தானியம் வாங்கறோம்? அப்போ அவங்க உங்க கனவுல வர்றாங்கன்னா என்ன அர்த்தம்? எங்கயோ ஒரு பேரை விட்டிருக்கீங்க. நீங்க புகார் கொடுக்க வரல, உங்க வேலை சரியில்லேன்னு வாக்குமூலம் கொடுக்க வந்திருக்கீங்க."

அவருடைய கணக்கைப் பார். வேலை சரியாக நடந்தால் புகார் சொல்ல ஆள் இல்லை. ஆள் இருந்தால் வேலை சரியில்லை. பல் ஆடினாலும் நான்தான் குற்றவாளி, ரொட்டி உப்பினாலும் நான்தான். எங்கே விட்டிருக்கிறோம் என்று அவரே கேட்டார், அவரே யோசித்தார், அவரே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்க வீட்டம்மா அரண்மனையிலதானே இருந்தாங்க? அவங்க கல்லறைச் சுவர்ல என்ன எழுதியிருக்கு?"

என்ன எழுதியிருக்கிறது என்று உனக்குத் தெரியும். அதன் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாய். உன் படத்துக்கு மேலே, அந்த அம்மாளின் பெயரும், அதை ஒட்டியே 'அவருக்குத் தாடி கட்டும் தாமித்' என்றும் ஒரே வரி. நாம் இருவரும் சேர்ந்து இடம் பார்த்து, நீ உன் வளையலைக் கொடுத்து வெட்டச் செய்த வரி. உனக்கு வேறு பட்டம் இல்லை. கிழக்கில் பெரிய வீட்டுப் பெண்களுக்கெல்லாம் ஆமூனின் பாடகி, அரசரின் அணிகலன் என்று நீளநீளமாக இருக்கும். உன்னுடையது சின்னது, ஆனால் உண்மையானது. அதைச் சொன்னேன்.

"பிரச்சினையே இல்லையே! அந்தம்மா பேரை எடுத்துட்டு அவங்க வீட்டுக்காரர் பேரைப் போடுங்க. மறைஞ்ச மன்னருக்குத் தாடி கட்டினாங்கன்னு ஆயிடும்."

"அவரு போனப்ப என் பொண்டாட்டிக்குப் பால்பல்லே விழலைங்க."

"கெட்டிக்காரக் குழந்தைன்னு சேர்த்து எழுதிக்குங்க."

பள்ளத்தாக்குத் திருவிழாவுக்கு ஊரே அக்கரைக்கு வந்து கல்லறைகளில் விருந்து வைக்கும். அதற்குள் முடித்துவிட வேண்டும் என்றார். மறுநாள் கென்னாவை அழைத்துக்கொண்டு உன்னிடம் வந்தேன். நீ கவனித்திருப்பாய்; நான்தான் வாசலில் தலையை இடித்துக்கொண்டவன். நூபு எங்களுக்கு முன்பே வந்து, சுவரை ஒட்டி வெங்காயக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். கென்னா சுவரைத் தடவினான், தட்டினான், காதை வைத்துக் கேட்டான். முதல் தடவையாக அவன் வாயில் பாட்டு இல்லை.

"கல்லு மாவா இருக்குங்கய்யா. ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டு இருக்குது. அவங்களை எடுத்தா உங்க வீட்டம்மா பேரும் உதிர்ந்து வந்துரும்."

"பாத்து எடுக்க முடியாதா? ஓரமெல்லாம் அழகா வெட்டுவியே?"

"எடுக்கலாம். நிக்காது."

நூபு வெங்காயத்தை உரித்துக்கொண்டே சொன்னாள்: "எடுங்களேன் அத்தான், என்ன இப்போ? அக்காவும் இல்லாதவங்களா ஆயிட்டா உங்களுக்கும் நல்லதுதானே. அப்புறம் கனவுல ரெண்டு பேரா வந்து நிப்பாங்க. பேச்சுத்துணை ஆச்சு."

பெயர் போனால் உனக்கு ரொட்டி யார் பெயருக்கு வரும், தாமித்? நாங்கள் கூப்பிட்டால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? இதை நான் கென்னாவிடம் கேட்கவில்லை. வெங்காயத்தின் காரம் தாங்கவில்லை என்று வெளியே வந்துவிட்டேன். நாளைக் காலை வருகிறேன் என்று அவன் உளியைத் துணியில் சுற்றிக்கொண்டு போனான்.

இப்போது கிண்ணத்தின் அடிக்கு வந்துவிட்டேன். என் கோரிக்கையைச் சொல்கிறேன். நான் அரசாங்க ஊழியன்; ஆணையை மீற என்னால் முடியாது. நீ அங்கே அந்த அம்மாளைப் பார்த்து, பக்குவமாக, அவர் இல்லை என்பதை எடுத்துச் சொல். நேராகச் சொன்னால் கோபம் வரும். நீ சொன்னால் கேட்பார், தாடையையே உன்னிடம் கொடுத்தவர். இல்லாமல் இருப்பதில் ஒரு நிம்மதி உண்டு என்று சொல். அவர் தாமாகவே விலகிக்கொண்டால், என் மதியத் தூக்கம் திரும்பும், புகார் ஒழியும், 'வேலை முடிந்தது, வேறு எங்கும் பெயர் இல்லை' என்று நான் மின்நக்திடம் சொல்லிக் கென்னாவைத் திருப்பி அனுப்பிவிடலாம். அவர் மறுத்தால் உன் வரியை வெட்டுவதைத் தவிர வழியில்லை. அப்படி ஆனால் கெட்டிக்காரக் குழந்தை என்றே எழுதிக்கொள்வோம். நீ கெட்டிக்காரியாகத்தான் இருந்திருப்பாய். என் மேல் மனத்தாங்கல் வேண்டாம்.

உன் தாய் தகப்பனாருக்கு என் வணக்கம். பக்கத்துக் கல்லறைக்காரருக்கும், கென்னா தட்டிய சத்தத்துக்குப் பிறகும் அவர் என்னோடு பேசத் தயாராக இருந்தால், என் விசாரிப்பு. வடக்குக் காற்று உன் வாசலுக்கு வீசட்டும்; நிழலும் குளிர்ந்த தண்ணீரும் உனக்குக் குறையாதிருக்கட்டும். ஆயிரம் ரொட்டி, ஆயிரம் பீர், இம்முறை இளசான வாத்து. இப்படிக்கு, உன் ஹூய்.

பின்குறிப்பு: உள்ளே இடம் தீர்ந்ததால் கிண்ணத்தைக் கவிழ்த்து வெளிப்பக்கம் எழுதுகிறேன். கவிழ்த்ததும்தான் பார்த்தேன். அடிப்பாகத்தில், சுடுவதற்கு முன்பே ஈர மண்ணில் கீறிய அரச வளையம், அரசர் பெயரைச் சுற்றி மட்டும் போடும் நீள்வட்டக் கோடு, இருக்கிறது. அதற்குள் ஒரு பெயர் இருக்கிறது. நூபுவைக் கூப்பிட்டு, இந்தக் கிண்ணம் முதலில் எப்படி நம் வீட்டுக்கு வந்தது என்று கேட்டேன். "அக்கா கிண்ணம்தான் அத்தான். முதல் முதல்ல தாடி கட்டின அன்னிக்கு அந்தம்மா கொடுத்தது. இது தெரியாதா உங்களுக்கு?" என்றாள். தெரியாது. நம் கல்யாணத்திலிருந்து இந்தக் கிண்ணத்தில்தான் சாப்பிட்டு வந்திருக்கிறேன். ஒருநாளும் கவிழ்த்துப் பார்த்ததில்லை, கழுவியது நீ. நாடு முழுவதும் சுவர் சுவராகத் தேடி அழித்துக்கொண்டிருந்தேன், அந்தப் பெயர் தினமும் என் பருப்புக்குக் கீழே இருந்திருக்கிறது. நூபு இதைத் தெரியாமல் என் கையில் கொடுத்தாள் என்று நான் நம்பவில்லை. அவளைக் கேட்கவும் இல்லை.

இதை உடைத்தால் கடிதம் போய்விடும். உடைக்காவிட்டால் நான் பதவியில் இருக்கத் தகுதியற்றவன். கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டேன். பிறகு கென்னாவுக்கு ஆள் அனுப்பிவிட்டேன்: நாளை உளி வேண்டாம், சுண்ணாம்பும் மட்டப்பலகையும் போதும். உன் வரி முழுவதையும், அவர் பெயரும் உன் பெயரும் சேர்த்து, கனமாகப் பூசி மூடிவிடப் போகிறோம். தூண்களுக்கு அரசாங்கம் செய்ததைவிட நான் மோசமாக எதுவும் செய்யவில்லை. பூச்சின் மேல் என் கையாலேயே 'தாடி கட்டும் தாமித்' என்று எழுதுகிறேன். யாருக்கு என்று மின்நக்த் கேட்டால், சுவரில் எந்தப் பெயரும் தெரியவில்லை என்று சொல்வேன். பொய் இல்லை.

ஆகவே மேலே எழுதியது எதையும் அந்த அம்மாளிடம் சொல்லிவிடாதே. அவர் இல்லை என்று நீ சொல்ல வேண்டாம். வந்தால் உட்கார வை, இந்தக் கிண்ணத்தில் உனக்கு வருவதில் பாதியைக் கொடு, தாடியைக் கட்டிவிடு. என் பாயோரம் வந்து நிற்பது அதற்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது. அடியில் இருப்பதை நான் சரியாகத்தான் படித்தேனா என்று நீ சரிபார்க்க, இங்கே எழுதிக் காட்டுகிறேன்: ஹட்செப்சுட்.

சாப்பிட்டு முடித்ததும் கிண்ணத்தை நீயே கழுவு. உள்ளே என் மை போனால் போகட்டும். அடியை மட்டும் தேய்க்காதே.